தெரு கொடுத்த சிட்டம்

மாப்பிள்ளையாக வந்தவன் முதல் நாளே கோயில் இட்லியை மந்தாரை இலையோடு சேர்த்துக் கடித்தான். கொஞ்சம் மென்று பார்த்துவிட்டு, "என்னங்க, தோல் உரிக்காம குடுத்திருக்கீங்க" என்று தட்டிலேயே துப்பினான். வரதராஜர் கோயில் வரைக்கும் வெயிலில் நடந்துபோய் வாங்கி வந்த இட்லி அது. ரேணுகாம்பாள் மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தை ஓசை வரும்படி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். சுகாசினி விட்டத்தைப் பார்த்தாள்.

பையன் பெயர் ராம்ப்ரஸாத். சென்னையில் சுகாசினி வேலை பார்க்கும் கால் சென்டரில்தான் அவனுக்கும் வேலை என்று சொன்னார்கள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று பெண் ஃபோனில் ஒற்றைக்காலில் நின்றாள். சரி, அழைத்து வந்து காட்டு என்றதற்கு, ஒரு வாரம் தங்குகிற மாதிரி பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். பின்னாலேயே ஒரு வேனில் நாலைந்து பேர் கேமராவும் கையுமாக வந்தார்கள். சாயப்பட்டறை வேலையைப் படம் எடுக்க வந்திருக்கிற சிநேகிதர்கள் என்றாள் சுகாசினி. தறிச் சத்தத்தையும் சாயப் புகையையும் படம் பிடிக்க வெள்ளைக்காரர்களே வந்துபோகிற தெரு. அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பையன் பண்ணிய அட்டூழியம் சொல்லி மாளாது. வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் எழுந்தான். காயப்போட்ட பட்டைச் சுற்றிப் போகாமல் அடியில் குனிந்து தலையால் இடித்துக்கொண்டு போனான். சுகாசினியின் அப்பா காசிநாதனை "பாஸ்" என்று கூப்பிட்டான். கருவாட்டுக் குழம்பு கொதிக்கையில் மூக்கைப் பொத்திக்கொண்டவன், சாப்பிட உட்கார்ந்ததும் சட்டியை வழித்தான். ஒருநாள் ரேணுகாம்பாளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஆன்ட்டி, நகமெல்லாம் ஊதாவா இருக்கே, ஏதாச்சும் வியாதியா?" என்றான். சாயக்காரி கை எந்த நிறத்தில் இருக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது?

ரேணுகாம்பாள் மகளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடி இது? எங்கேர்ந்துடி புடிச்சிக்கினு வந்த?"

"அவரு அப்டித்தாம்மா. மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டாரு."

"மனசுல வச்சிக்க மாட்டான், சரி. மண்டையிலயுமா ஒண்ணும் வச்சிக்க மாட்டான்?"

"உனக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லும்மா."

"எனக்குப் புடிச்சி இன்னா ஆவப்போவுது? வாழப்போறது நீ. அவன்கூட ஒக்காந்து சோறு துன்னப்போறது நீ." சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் மகளின் முகத்தையே பார்த்தாள். "ஏண்டி, நெசமாவே புடிச்சிக்குதா?"

சுகாசினி தலையை ஆட்டினாள். ஆட்டியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. காதலில் வரும் தண்ணீர் என்று பெற்றவள் நினைத்துக்கொண்டாள்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால், வேகவதி ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. ஆறு என்று பெயர்தான். ஆவணியில் மழை பெய்தால் முழங்கால் நனையும். பட்டறையில் பெரிய தாமிர அண்டா, அதற்கடியில் சவுக்குக் கட்டை, எந்நேரமும் கண்ணைக் கரிக்கும் ஆவி. மூங்கில் கோலில் பட்டுச் சிட்டங்களை மாலை மாலையாகக் கோத்துக் கொதிக்கும் சாயத்தில் தொங்கவிட்டு, நிற்காமல் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு பக்கம் அடர்ந்து ஒரு பக்கம் வெளுத்துவிடும். காசிநாதனுக்கு அந்த ஆவியிலேயே நெஞ்சு கெட்டுவிட்டது. இருமல் வந்தால் இரண்டாக மடங்கிவிடுவான். ஆனாலும் கோலை விடமாட்டான்.

அன்றைக்குக் கேமராக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அண்டாவில் யாரோ ஒரு வியாபாரியின் கிளிப்பச்சை ஏறிக்கொண்டிருந்தபோது காசிநாதனுக்கு இருமல் பிடித்தது. ரேணுகாம்பாள் ஆற்றங்கரையில் பட்டு அலசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, ராம்ப்ரஸாத் ஒரு கையால் காசிநாதன் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கோலைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஆவி முகத்தில் அடித்து அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஆனாலும் பட்டை விடவில்லை.

"பாஸ், மூச்சு விடுங்க. மெதுவா. நான் புடிச்சிருக்கேன், நீங்க உக்காருங்க" என்றான்.

பட்டு கெடாமல் கரையேறியது. அன்று சாயந்திரம் ரேணுகாம்பாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"கிறுக்கன்தான். ஆனா கெட்டவன் இல்லய்யா."

"நானும் அதத்தான் நெனைச்சேன்" என்றான் காசிநாதன். அவன் எப்போதுமே அவள் சொன்ன பிறகுதான் நினைப்பான்.

பெண்ணுக்கு நிச்சயம் என்ற சேதி தெருவுக்குப் போயிற்று.

இங்கே அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வீட்டில் பெண்ணுக்கு நிச்சயமானால், ஒவ்வொரு தறி வீட்டிலிருந்தும் ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு வெள்ளைப் பட்டுநூல், அந்த வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் சேர்த்து அரக்குச் சாயம் ஏற்றி, ஒரே கூறைப்புடவையாக நெய்து, முகூர்த்தத்துக்குப் பெண் அதைத்தான் கட்டுவாள். நிச்சயத்தன்று அந்த அரக்குப் பட்டை ஈரத்தோடு வாசல் பந்தலில் தொங்கவிட வேண்டும். இந்தப் பெண்ணுக்குத் தெருவே சொந்தம் என்று பையன் வீட்டார் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டுக்கெல்லாம் சாயம் ஏற்றியது காசிநாதன்தான். அவன் போடும் அரக்கு வேறு யாருக்கும் வராது. ஆனால் அவன் வீட்டுக்கு ஒரு சிட்டம் வந்ததில்லை. அவன் அப்பா தாமல் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். ஏரி வறண்ட ஒரு வருஷத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டறைக்கு விறகு சுமந்தார். விறகைத் தொடலாம், அண்டாவைத் தொடலாம், பட்டைத் தொடக்கூடாது என்று இருந்த காலம். மகன் காலத்தில் பட்டைத் தொட விட்டார்கள். சிட்டம் மட்டும் வரவில்லை. ரேணுகாம்பாள் கழுத்தை நீட்டியபோது கட்டியிருந்தது மில் சேலை. அதைப்பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. மறந்ததும் இல்லை.

முதலில் வந்தது எதிர்வீட்டு மணியம்மாள். மஞ்சள் தடவிய தட்டில் சிட்டம் ஒன்றை வைத்து, கொழுந்து வெற்றிலையோடு நீட்டினாள்.

"இன்னா முழிக்கற? புடி ரேணுகா. உம் பொண்ணு எங்க வூட்ல ஓடியாடி வளந்த பொண்ணு. அவளுக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்?"

ரேணுகாம்பாள் சாயக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்தால் போகிற நிறமா அது. மறுபடியும் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அதற்குப்பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. கடைசியில், தெருவுக்கே பெரிய தறிக்காரரான சீனிவாசன் வந்தார். தெலுங்கு பேசும் வீடு. அவர் அப்பா காலத்தில் காசிநாதன் அந்த வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவான். சீனிவாசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கூறைய எங்க தறியிலயே போட்டுடறேன்மா. பாவு நூல ரெடி பண்ணிக்கிறேன். சாயம் மட்டும் அவர ஏத்தி அனுப்பச் சொல்லு."

அவர் போனதும் ரேணுகாம்பாள் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல் நன்றாக அழுதாள். வாசற்படியில் நின்று சுகாசினி அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேமராக்காரர்களில் ஒருவன் அவளை ஜாடை காட்டி வெளியே கூப்பிட்டான். அவள் போய்விட்டாள்.

நிச்சயத்தன்று விடியற்காலையிலேயே காசிநாதன் அரக்கை ஏற்றி முடித்துவிட்டான். மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, உதறி, சொட்டச் சொட்டப் பந்தல் மூங்கிலில் தொங்கவிட்டான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. பையன் வீட்டார் என்று காரில் ஓர் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். சம்பந்தி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பட்டைப் பார்த்து, "ரொம்ப டார்க்கா இருக்கே" என்றாள். ரேணுகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

தெரு முழுக்கக் கூடியிருந்தது. ரேணுகாம்பாள் தட்டைக் கையில் எடுத்தாள். எதிரில் சம்பந்தி அம்மாள் தட்டை நீட்டினாள்.

அந்த நேரத்தில் வேன் கதவு திறந்தது. பளபளவென்று சட்டை போட்ட ஒரு பெண் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மாஆஆ! நம்பிட்டீங்களா?" என்று கத்தினாள். பந்தலுக்கு மேலே பட்டாசு மாதிரி ஏதோ வெடித்தது. பச்சை, நீலம், ஊதா என்று கலர்க் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின.

பெயர் ஸிந்துஜா, ஒரு டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறவள். நிகழ்ச்சியின் பெயரே 'நம்பிட்டீங்களா?' ராம்ப்ரஸாத் மாப்பிள்ளை அல்ல, நாடக நடிகன். அவனுடைய அப்பா அம்மாவும் வாடகைக்கு வந்தவர்கள். முடிந்த அளவுக்குக் கண்றாவியான ஒரு பையனைக் கொண்டுவந்து, பெற்றவர்களைத் தட்டு மாற்ற வைத்துவிட்டால் பெண்ணுக்குச் சென்னையில் ஒரு ஃப்ளாட் பரிசு. இதையெல்லாம் ஸிந்துஜா மூச்சுவிடாமல் மைக்கில் சொல்லி முடித்து, "கை தட்டுங்க!" என்றாள்.

ஒருவரும் தட்டவில்லை.

காசிநாதன் மட்டும் ஓடினான். மகளிடம் இல்லை. பட்டிடம். ஈரப் பட்டின்மேல் ஒட்டிய காகிதத் துண்டுகளைப் பதறிப் பதறிப் பிய்த்தான். மட்டமான காகிதம், அதைவிட மட்டமான சாயம். ஈரத்தில் பட்டதுமே பச்சையும் நீலமும் இறங்கிவிட்டன. பிய்த்த இடமெல்லாம் அரக்கின்மேல் கறுப்புப் பொட்டாக நின்றது.

"ஆன்ட்டி, இங்க பாருங்க, இந்தக் கேமராவ பாருங்க. எப்படி ஃபீல் பண்றீங்க? பொண்ணு மேல கோவமா?" என்று ஸிந்துஜா மைக்கை நீட்டினாள்.

ரேணுகாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"மா" என்று சுகாசினி அவள் கையைப் பிடித்தாள். "மா, திட்டாத. கேமரா முன்னாடி என்னக் கட்டிப்புடிச்சி, கோவம் இல்லன்னு சிரிச்சிட்டா போதும். வூடு நம்மளுது. அப்பா இந்த ஆவியில கெடந்து சாவத் தேவையில்ல. அதுக்குத்தாம்மா. சத்தியமா அதுக்குத்தான்."

"சிட்டம் வந்த அன்னிக்கி நீ எங்கடி இருந்த?"

"மா..."

"மணியம்மா அக்கா தட்டத் தூக்கிக்கினு வந்தப்ப எங்க இருந்த? நான் அடுப்பாண்ட ஒக்காந்து அழுதத பாத்துக்கினுதான நின்ன? அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"சொல்லக்கூடாதுன்னு அவங்க..."

"அவங்க யாருடி? என்னை மட்டும் ஏமாத்தி இருந்தா, போவுது, பெத்த பொண்ணுன்னு வுட்டுடுவேன். நீ தெருவ ஏமாத்திட்ட. எனக்கு வாழ்க்கையில ஒரு தபா வந்துது, அத்த நீ வெளையாட்டுக்கு எட்த்து குட்த்துட்ட."

"சூப்பர், சூப்பர்" என்று ஸிந்துஜா கேமராக்காரன் காதில் சொன்னாள். பிறகு சத்தமாக, "ஆன்ட்டி, உங்க எமோஷன் புரியுது. இப்ப ஜஸ்ட் ஒரு ஸ்மைல். அதோட முடிஞ்சுது" என்றாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கணும்?"

"ஆன்ட்டி, எல்லாரும் சிரிப்பாங்க. இது ஜாலிக்குத்தான். கடைசியில நீங்க சிரிக்கலன்னா எபிசோடே முடியாது. ஃப்ளாட்டும் கிடையாது. யோசிச்சுக்கங்க."

ரேணுகாம்பாள் யோசித்தாள். யோசிக்காமல் எப்படி? ராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்து அந்த இருமலைக் கேட்கிறவள் அவள்தானே. ஆவி இல்லாத, புகை இல்லாத ஒரு வீட்டில் காசிநாதன் மூச்சு முட்டாமல் தூங்குவதை ஒரு நிமிஷம் கண்ணால் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், இங்க பாரு. உனக்கு அந்த வூடு வேணுமா? வேணும்னா சொல்லு. உனக்கோசரம் சிரிச்சிட்டு வரேன். நெசமாத்தான் கேக்கறேன்."

காசிநாதன் விரலில் ஒட்டியிருந்த நீலக் காகிதத்தைத் தேய்த்து உதிர்த்தான்.

"இது ஊறிப்போச்சி ரேணு" என்றான். "நீ சிரிச்சாலும் போவாது."

அவ்வளவுதான். ரேணுகாம்பாள் மைக்கைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"கேட்டுக்கினியாமா? எட்த்துக்கினு கெளம்பு. உன் காயிதத்த வேணா பொறுக்கிக்கினு போ."

நாற்காலி மடிக்கிற சாக்கில் ராம்ப்ரஸாத் அவள் அருகில் வந்தான். தலை நிமிரவில்லை.

"அம்மா, அன்னிக்கு அண்டாகிட்ட கோலைப் புடிச்சது நடிப்பு இல்லம்மா."

"தெரியும்" என்றாள் ரேணுகாம்பாள். "அத்த நம்பித்தான் ஏமாந்தேன்."

பந்தலில் இருந்த பட்டை அவிழ்த்து, சிட்டம் சிட்டமாகப் பிரித்து, ஒரு கூடையில் போட்டு மகள் இடுப்பில் ஏற்றினாள். "நட. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு நீயே சொல்லு" என்று தானும் கூடவே நடந்தாள். பின்னாலேயே வந்த கேமராவை மணியம்மாள் வீட்டு வாசலில் சாணி கரைத்த வாளி எதிர்கொண்டது. அதற்குமேல் அது வரவில்லை.

சுகாசினி சொன்னாள். முதல் வீட்டில் குரலே எழும்பவில்லை. மணியம்மாள் திட்டித் தீர்த்தாள். திட்டிவிட்டு, குடுத்தது குடுத்ததுதான், கூடையை எடு என்றாள். அடுத்த வீட்டில் பேசாமல் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், டிவியில் எப்போது வரும் என்று கேட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது. கடைசியாகச் சீனிவாசன் வீடு. அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏமா, குடுத்த சிட்டத்த திருப்பி வாங்கற வழக்கம் ஏதுமா? சாயம் ஏறினத வச்சிக்கினு நான் என்ன பண்றது? பர்வாலேது, எடுத்துக்கினு போ. இன்னொரு நாளு இந்தப் பொண்ணுக்கே ஆவும்."

"இது இனிமே கூறைக்கு ஆவாதுண்ணா. பொட்டு பொட்டா ஊறிக் கெடக்குது. வேற கலரு ஏத்தினாதான் மறையும்" என்றாள் ரேணுகாம்பாள்.

"அப்ப என்னதான் பண்ணலாம்ன்ற?"

ரேணுகாம்பாள் நிமிர்ந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு பொடவையா நெய்ஞ்சி குடுங்க."

"உனக்கா?"

"எனக்குத்தான். எங் கண்ணாலத்துக்கு இந்தத் தெருவுலேர்ந்து ஒரு சிட்டம் வரல. ஏன் வரலன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ பண்ணது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வந்த பட்டு வந்ததுதான? கொஞ்சம் லேட்டா எனக்கு வந்துக்குதுன்னு நான் வச்சிக்கறேன். நீங்களும் அப்டியே வச்சிக்கங்க."

தறிச் சத்தம் நின்றிருந்தது. சீனிவாசன் வாசற்படியைப் பார்த்தார். அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிற அதே கல்படி.

"கலரு ஏத்தி அனுப்பு" என்றார். "பாவு ரெடியாத்தான் இருக்குது."

பட்டறையில் காசிநாதன் ஏற்கெனவே சவுக்கைப் பற்றவைத்திருந்தான். கூடையை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பொட்டு மறையணும்னா அடர்த்தியாத்தான் போவணும். இன்னா கலரு வேணும் உனக்கு?"

வேறு பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தெருவில் எல்லாப் பெண்களிடமும் கேட்ட கேள்விதான். அவளிடம் கேட்டது அன்றுதான்.

"நாவப்பழம்" என்றாள். "நல்லா அடர்த்தியா."

சுகாசினி அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "மா, எனக்குன்னு நெசமாவே ஒருநாள் வந்துதுன்னா, அப்ப சிட்டம் வருமா?"

"உன்னுதுதான் தோ வேவப்போவுது. மறுபடியும் வேணும்னா நீதான் போயி சம்பாரிக்கணும். நான் குட்த்து வர்றது இல்ல அது." கோலின் மறுமுனையை மகளிடம் நீட்டினாள். "உங்கப்பனுக்கு மூச்சு வாங்குது. புடி."

சுகாசினி பிடித்தாள். கொதிக்கிற ஆவி முகத்தில் அடித்தது. சாயம் முழங்கைவரை தெறித்தது. அவள் கோலை விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'நம்பிட்டீங்களா?' வருகிற நேரத்துக்கு வேறு எதையோ போட்டார்கள். ஐப்பசி பிறந்து, மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ரேணுகாம்பாள் தலைக்குக் குளித்து, நாவல்பழ நிறப் பட்டைக் கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். அந்தக் கோடியில் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தறி நின்று, ஜன்னலில் முகங்கள் வந்தன.

மணியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா ரேணுகா, இம்மாம் ஜோரா? கோயிலுக்கா?"

"இல்லக்கா."

"யாரு வூட்லயாச்சும் விசேஷமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள் ரேணுகாம்பாள். "சும்மாதான் நடக்கறேன்."